தொட்டிலும் எழுதுகோலும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வருகின்ற நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் பெரகல என்னும் சந்தியை அடைகின்றது. அங்கே வழி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று மேலேறி, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களினூடாகப் பதுளைப் பக்கம் செல்லும். மற்றது கொஸ்லந்தை வழியே வெள்ளவாயாவை நோக்கிக் கீழிறங்கும். மூடுபனி கவிந்திருக்கும் காலை வேளைகளில், வழிகாட்டிப் பலகையைக் கிட்டச் சென்று பார்த்தாலன்றி எந்த வழி எங்கே போகின்றது என்பது புதியவர்களுக்குப் புலப்படாது.

பிள்ளை வளர்க்கும் பெண்ணொருத்தி கதை எழுதவும் தொடங்கி, அக்கதைகளை மாதந்தோறும் ஒரு மடலாக வெளியிடவும் முற்படுவாளாயின், அவளும் இத்தகைய சந்தியொன்றிலே நிற்பதாகப் பலர் கருதுகின்றனர். “பிள்ளையா, பேனாவா? இரண்டில் ஒன்றைப் பார்த்துக்கொள்” என்று அவளுக்குப் புத்தி சொல்லுவோர் வீட்டிலும் உளர், வெளியிலும் உளர். இந்தக் கேள்வி சரியான கேள்விதானா? கதைமடல் நடத்துவதும் குழந்தை வளர்ப்பதும் எந்த இடத்தில் மோதிக்கொள்கின்றன? நமக்கு முன்னிருந்தவர்கள் அந்த மோதலை எவ்வாறு சமாளித்தார்கள்? நம் மலைநாட்டுத் தாய் ஒருத்தி கையாளத்தக்க வழிகள் யாவை? இவற்றையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில், இடர்ப்பாடு எங்கே இருக்கின்றது என்பதைத் தெளிவாகக் காணவேண்டும். கதை எழுதுவதும் கதைமடல் நடத்துவதும் ஒன்றல்ல. எழுதிய கதையைப் பெட்டியிலே வைத்துப் பூட்டினால், ஓராண்டு சென்றாலும் அது கெட்டுப்போவதில்லை. மடலோ நாள் குறித்து வருவது. வாசகர் சந்தா அனுப்பியிருக்கின்றார். முதலாந் திகதி தபாற்காரரை எதிர்பார்க்கின்றார். அவருக்குக் கொடுத்த வாக்கு அது. பிள்ளைக்கு நாட்காட்டி தெரியாது. பல் முளைப்பதும், காய்ச்சல் வருவதும், பசிப்பதும், இரவில் பயந்து விழிப்பதும் திகதி பார்த்து நிகழ்வனவல்ல. ஒன்று நாள் குறித்த கடமை. மற்றது நாள் குறியாத கடமை. இவ்விரண்டும் மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் பெரும்பாலும் மோதிக்கொள்வதில்லை. கடைசி வாரத்திலேயே மோதிக்கொள்கின்றன. ஏனெனில், நாம் வேலையை அந்த வாரத்துக்கென ஒதுக்கிவைத்துவிடுகின்றோம். ஆகவே, எழுதும் தாய்க்குப் பகை அவளுடைய பிள்ளை அன்று. மாதக் கடைசியே அவளுக்குப் பகை.

இன்னுமொன்றையும் கவனிக்கவேண்டும். தாய்க்குப் பொழுது குறைவு என்று சொல்லுகின்றோம். உண்மையில், அவளுக்குக் கிடைக்கின்ற பொழுது துண்டு துண்டாகக் கிடைக்கின்றது என்பதே பெருங்குறை. ஒரு மணி நேரம் என்பது ஆறு பத்து நிமிடங்களுக்குச் சமம் என்று கணக்கு வாத்தியார் சொல்லுவார். கதை எழுதுகின்றவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். விட்ட இடத்துக்குத் திரும்பிச் சென்று, அந்தப் பாத்திரத்தின் குரலை மறுபடியும் காதிலே கேட்பதற்கே பத்து நிமிடம் சென்றுவிடும். அது கேட்கத் தொடங்கும்போது தொட்டிலில் அழுகுரல் எழும்.

தோட்டத்துத் தாய்மாருக்கு இந்தத் துண்டுபட்ட பொழுது புதியதன்று. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பீலியிலே தண்ணீர் பிடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவிலே ஆயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, கூடையோடு மலைக்கு ஏறுகின்றார்கள். நடுவிலே பாலூட்ட இறங்கி வந்து, மறுபடியும் ஏறுகின்றார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகே பிள்ளையோடு லயத்துக்குத் திரும்புகின்றார்கள். அங்கும் அடுப்பு காத்திருக்கின்றது.

பிள்ளைக் காம்பரா என்பது சிறு கட்டடந்தான். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று புதுப்பெயர் வழங்குகின்றது. ஆயினும் அதனுள்ளே ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கின்றது. தாய் ஒரு தொழிலைச் செய்யவேண்டுமாயின், அந்த நேரத்தில் பிள்ளையை ஏந்துவதற்கு வேறு கைகள் வேண்டும் என்பதே அவ்வுண்மை. இலங்கையில் 1939ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இதனை ஏற்றுக்கொண்ட சட்டங்களுள் ஒன்று. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தினுள்ளே இரண்டு இடைவேளைகள் கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடும் பின்னர் அதிலே இடம்பெற்றது. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை உண்டு.

இவற்றைச் சட்டவிளக்கம் செய்வதற்காக நான் கூறவில்லை. கொழுந்து பறிப்பதைத் தொழில் என்று உலகம் ஒப்புக்கொண்டதனால், பிள்ளைக் காம்பராவும் ஆயம்மாவும் இடைவேளையும் ஏற்பட்டன. கதை எழுதுவதற்குப் பேர் போடுவார் இல்லை. எனவே, எழுதுகின்ற தாய்க்கு இடைவேளை கொடுப்பாரும் இல்லை. தன் பிள்ளைக் காம்பராவை அவள் தானே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அதனை அமைத்துக்கொண்டவர் எவரேனும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு.

தமிழிலே கதை எழுதிய பெண்களுள் மாத இதழொன்றைத் தம் தோள்மீது சுமந்து நெடுங்காலம் நடத்தியவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 1ஆம் திகதி பிறந்தவர். பிறந்து சிறிது காலத்தில் தாயை இழந்தவர். அக்கால வழக்கப்படி, ஐந்து வயது கடந்ததும் திருமணமாகி, சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த குடும்பமொன்றின் மருமகளானார். முறையாகப் பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர். ஆயினும் கதை சொல்லுவதில் அவருக்கு இயல்பான திறமை இருந்தது. வீட்டிலும் அண்டையிலும் இருந்த சிறுவர் சிறுமியரைச் சுற்றி உட்காரவைத்துத் தாமே கட்டிய கதைகளைச் சொல்லிவந்தார்.

இந்த இடத்திலே சற்று நிற்கவேண்டும். குழந்தைகளைப் பராமரிக்கும் பொழுது எழுத்தாளரின் நேரத்தைத் தின்றுவிடுகின்றது என்று நாம் முறையிடுகின்றோம். கோதைநாயகி அம்மாளுக்கோ கதைக்கலையின் முதற் பாடசாலை குழந்தைகளின் கூட்டமே. எந்த இடத்திலே கேட்பவர் கொட்டாவி விடுகின்றார், எந்த இடத்திலே “அப்புறம்?” என்று முழங்காலைப் பிடித்து உலுக்குகின்றார் என்பதைச் சிறுவர்களைப் போல ஒளிவுமறைவின்றிக் காட்டும் விமர்சகர் வேறு இல்லை. தொடர்கதை எழுதுகின்றவருக்கு மிகவும் வேண்டிய அறிவு இதுவே.

அவருடைய முதல் நூல் ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம். அது 1924இல் வெளிவந்தது. சரளமாக எழுதும் பழக்கம் அப்போது அவருக்குக் கைவரவில்லை. அவர் வாயாற் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொடுத்தார். மறு ஆண்டாகிய 1925இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற மாத இதழை ஏற்று, அதற்குத் தாமே ஆசிரியரானார். ‘வைதேகி’ முதலான அவருடைய நாவல்கள் அதிலே தொடராக வந்தன. முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர் அவ்விதழோடு வாழ்ந்தார். எழுதிய நாவல்கள் 115 என்று கணக்கிடுவர். ‘தயாநிதி’ என்ற நாவல் அவர் மறைந்த பின்னர், 1966இல், ‘சித்தி’ என்ற பெயரில் திரைப்படமாக வந்ததை முதியவர்கள் நினைவுகூர்வார்கள். இவ்வளவும் ஒரு குடும்பத்தலைவி, ஒரு மகனின் தாய், மேடைப் பேச்சாளர், விடுதலைப் போராட்டத் தொண்டர் என்னும் பொறுப்புக்களுக்கிடையே நிகழ்ந்தவை. 1930களின் தொடக்கத்தில் அவர் மறியலில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார்.

இது எவ்வாறு முடிந்தது? அவருடைய வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் மூன்று துணைகள் தெரிகின்றன. முதலாவது துணை, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த தோழியின் கை. இரண்டாவது துணை, கணவர் பார்த்தசாரதி. மனைவியின் திறமையை அவர் ஒளித்துவைக்கவில்லை. நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார், அச்சிடுவதற்கு முன்னின்றார், மனைவி சிறையிலிருந்த காலத்தில் இதழ் நின்றுபோகாமற் பார்த்துக்கொண்டார். பெண்ணொருத்தி பத்திரிகை நடத்துவதா என்று ஊரார் பழித்த காலம் அது. மூன்றாவது துணை, திங்கள்தோறும் இதழுக்குக் காத்திருந்த வாசகர் கூட்டம். தனியொரு பெண்ணின் மனவலிமையினால் மட்டும் ஜகன்மோகினி நடைபெற்றது என்று சொல்லுவது அவருக்குப் புகழ்ச்சிபோலத் தோன்றலாம். ஆனால், துணையின்றித் தவிக்கின்ற மற்றப் பெண்களுக்கு அது கேடாய் முடியும். “அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?” என்று கேட்பதற்கு அது இடங்கொடுத்துவிடும்.

அவருடைய வாழ்விலே இன்னொரு செய்தியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1956இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் காலமானார். எத்தனையோ எதிர்ப்புக்களைத் தாங்கிய அந்த அம்மையாரை அத்துயரம் தளரச்செய்தது. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆம் திகதி அவரும் மறைந்தார். எழுத்தும் பிள்ளையும் தராசின் இரண்டு தட்டுக்கள் என்று பேசுகின்றோமே, அந்தத் தாயின் நெஞ்சிலே அவை இரண்டு தட்டுக்களாக இருக்கவில்லை. ஒன்று சாய்ந்தபோது மற்றது உயரவில்லை.

பிறநாடுகளிலும் இத்தகையோர் உளர். அமெரிக்காவின் ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் ஒன்றை 1849இல் வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவர். டாம் மாமாவின் கதையை 1851இலும் 1852இலும் ஒரு வார இதழிலே தொடராக எழுதியபோது, அவருடைய கடைசிக் குழந்தை தவழும் பருவத்திலே இருந்தது. அடிமை முறையை எதிர்த்து ஒரு தேசத்தின் மனச்சாட்சியை உலுக்கிய அந்தத் தொடர், வாரந்தவறாமல் வெளிவரவில்லை. சில வாரங்கள் தவறின. தவறியதனால் அதன் பெருமை குன்றியதா? இல்லை. வாசகர் காத்திருந்தனர். வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவி பள்ளி செல்லாதவர். குடும்ப வேலைகளுக்கு நடுவிலேயே எழுதி, 1976இல் ஞானபீடப் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியானார். இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1993இல் பெற்ற டோனி மொரிசன், பதிப்பகமொன்றிலே வேலை பார்த்துக்கொண்டு இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர். பிள்ளைகள் விழிக்குமுன், விடியற்காலையில் எழுந்து எழுதினார்.

பெண்ணொருத்தி புனைகதை எழுதவேண்டுமாயின் அவளுக்குச் சொந்தப் பணமும் சொந்த அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃப் 1929இல் வாதிட்டார். நியாயமான வாதம். ஆனால் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட லயக் காம்பராவிலே ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீட்டில், தனியறைக்கு எங்கே போவது? அங்கே சுவரால் அறை அமைக்க இயலாது. நேரத்தால்தான் அமைக்க இயலும். எல்லோரும் உறங்குகின்ற விடியற்காலை ஐந்து மணி என்பதே ஓர் அறை. அதற்குக் கதவு இல்லை என்பது மட்டுமே குறை.

இனி, என் சொந்த அனுபவத்திலிருந்து சில சொல்ல அனுமதிப்பீர்கள் என நம்புகின்றேன். நான் பெரகலவுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிப்பவள். இரண்டு பிள்ளைகளின் தாய். நான்கு பக்கக் கதைமடல் ஒன்றை எழுதிப் படியெடுத்து, சிறு வாசகர் வட்டமொன்றுக்கு அனுப்பிவருகின்றேன். தொடங்கியபோது ஆர்வ மிகுதியினால், மாதத்துக்கு இருமுறை வரும் என்று அறிவித்துவிட்டேன். மூன்று மாதம் ஒருவாறு ஓடியது. நான்காம் மாதம் மூத்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. மடல் அனுப்புவதற்கு ஒரே நாள் இருந்தது. அவளைப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதினேன். “அம்மா, தண்ணி” என்றாள். “இதோ, கண்ணு” என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் “இதோ” என்றேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. விடிந்த பிறகு பார்த்தேன். அடுக்களையில் தண்ணீர்க் குடத்தின் மூடி திறந்திருந்தது. குவளை தரையிலே கிடந்தது. காய்ச்சலோடு இருட்டிலே அவளே எழுந்து போய்க் குடித்திருக்கின்றாள். மடல் குறித்த நாளிலே வெளிவந்தது. அந்த இதழிலிருந்த கதையை நான் இன்றுவரை மறுபடி வாசிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். உணர்ச்சியினால் ஏற்பட்ட பிழையைக் கணக்கினால்தான் திருத்தவேண்டும். எனக்கு உண்மையிலே கிடைக்கக்கூடியது ஒரு நாளில் முக்கால் மணி நேரம். முப்பது நாளைக்கு இருபத்திரண்டரை மணி. அதிலே மூன்றிலொரு பங்கு காய்ச்சல், விருந்தினர், பாடசாலைப் பரீட்சை, மழைக்காலத்து மின்தடை என்பவற்றுக்குப் போய்விடும். மிஞ்சுவது பதினைந்து மணி. ஒரு கதையை எழுதித் திருத்த ஒன்பது மணி. படியெடுக்க மூன்று மணி. உறையிலிட்டு முகவரி எழுத இரண்டு மணி. ஆகப் பதினான்கு மணி. ஒரு மாதத்துக்கு ஒரு மடல் என்பதே என் சக்தி. இரண்டு என்பது என் பிள்ளைகளிடமிருந்து திருடுவது. இக்கணக்கை மடல் தொடங்கும் முன்பே போட்டிருக்கவேண்டும். தொடங்க எண்ணும் சகோதரிகள் தங்கள் தங்கள் மணிக்கணக்கை இவ்வாறு எழுதிப் பார்த்து, நல்ல மாதத்தை அன்று, கெட்ட மாதத்தையே அளவாகக் கொண்டு வாக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது வழி, ஒரு கதையை எப்போதும் கையிருப்பாக வைத்திருத்தல். அரிசிப் பானையின் அடியைச் சுரண்டும்வரை காத்திருந்து கடைக்குப் போகும் குடும்பத்தலைவி இல்லை. மடலுக்கும் அவ்வாறே ஒரு மாதத்துக் கதை பெட்டியிலே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். விடுமுறைக் காலத்தில், பிள்ளைகள் அம்மாயி வீட்டுக்குச் சென்றிருக்கும் நாட்களில், அந்த ஒரு கதையை எழுதிவைத்துக்கொண்டால் போதும். பிள்ளைக்கு நோய் வந்த மாதத்தில் அது போகும். ‘இதோ, இதோ’ என்று சொல்லவேண்டிய நிலை வராது.

மூன்றாவது வழி, வேலையைப் பகுத்தல். மடல் வேலை முழுவதும் ஒரே தன்மையுடையது அன்று. மனத்தாற் செய்யும் வேலை ஒன்று. மேசையிலே செய்யும் வேலை ஒன்று. கையாற் செய்யும் வேலை ஒன்று. கதையை எண்ணிப் பார்ப்பது மனவேலை. அதைத் துணி துவைக்கும்போதும், தொட்டிலாட்டும்போதும், பேருந்திலே அப்புத்தளைக்குப் போகும்போதும் செய்யலாம். உறை ஒட்டுவதும் முத்திரை பதிப்பதும் கைவேலை. அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யலாம். அவர்கள் மகிழ்ந்து உதவுவார்கள். முத்திரை சற்றுக் கோணலாக இருந்தாலும் வாசகர் மன்னிப்பார். அமைதி வேண்டுவது மேசைவேலை ஒன்றுக்குத்தான். கிடைக்கின்ற அமைதியான முக்கால் மணி நேரத்தை உறை ஒட்டுவதிலே செலவழித்துவிட்டு, கதையைச் சந்தடியிலே எழுத முற்படுவது நாம் செய்கின்ற பெரும்பிழை.

எழுத்தை நிறுத்தும் முறையொன்றும் உண்டு. பிள்ளை அழுதவுடன் பேனாவை எறிந்துவிட்டு ஓடாமல், அடுத்து எழுதவேண்டிய வாக்கியத்தின் கருத்தை நாலைந்து சொல்லில் ஓரத்திலே குறித்துவிட்டு எழவேண்டும். அதற்குப் பத்து விநாடி போதும். திரும்பி வரும்போது, விட்ட இடத்தைத் தேடிக் கால்மணி நேரம் அலையவேண்டியதில்லை. துண்டுபட்ட பொழுதுகளை இணைக்கின்ற நூல் இந்தச் சிறு குறிப்பே.

இவ்வளவு செய்தும் மடல் தவறும் மாதம் வரும். வரட்டும். அப்போது வாசகருக்கு ஒரு வரி எழுதி, உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். பொய்க்காரணம் வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம். “பிள்ளைக்குச் சுகமில்லை, அடுத்த மாதம் வரும்” என்பது போதும். ஸ்டோ அம்மையாருக்குக் காத்திருந்த உலகத்தைப் போலவே நம் சிறு வாசகர் வட்டமும் காத்திருக்கும். மடல் ஒரு மாதம் தவறினால் ஈடுசெய்யலாம். காய்ச்சலோடு கிடந்த பிள்ளையின் இரவை எந்த அடுத்த மாதமும் ஈடுசெய்யமாட்டாது.

நேரத்தைப் பற்றியே இதுவரை பேசினேன். நேரத்தைவிட நுண்ணிய வேறொரு பொருள் உண்டு. அது பிள்ளையின் மானம். கதை எழுதுகின்ற தாய்க்குப் பிள்ளைகளின் பேச்சும் செயலும் கைக்கெட்டிய செல்வம். அவசரத்தில், அந்தச் செல்வத்தில் கைவைத்துவிடுகின்றோம். என் மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய காலத்தில், பழைய மடல் ஒன்று அவள் கையிலே அகப்பட்டது. பாடசாலையிலே ஒரு சிறுமி அவமானப்பட்டு அழுத நிகழ்ச்சி அதிலே இருந்தது. பெயரை மாற்றியிருந்தேன், ஊரையும் மாற்றியிருந்தேன். அவள் வாசித்து முடித்துவிட்டு, “அம்மா, இது நான்தானே? ஏன் எல்லார்கிட்டயும் சொன்னீங்க?” என்று கேட்டாள். வாசகருள் ஒருவருக்கும் தெரியாது என்று சமாதானம் சொன்னேன். “எனக்குத் தெரியுதே” என்றாள்.

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அன்றுமுதல் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டிருக்கின்றேன். பிள்ளையிடமிருந்து கற்ற அறிவைக் கதைக்குக் கொண்டுபோகலாம். பிள்ளையின் இரகசியத்தைக் கொண்டுபோகலாகாது. பயம் எத்தகையது, பொறாமை எவ்வாறு பேசும், பொய் சொன்ன முகம் எப்படி இருக்கும் என்பன எல்லார்க்கும் பொதுவானவை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இந்தப் பிள்ளை அழுதாள் என்பது அந்தப் பிள்ளைக்கே உரியது. அதைச் சொல்லவேண்டுமாயின் அவள் வளர்ந்து, விரும்பினால், அவளே சொல்லட்டும்.

இனி, வீட்டிலுள்ள ஆடவர்களுக்கும் ஒரு வார்த்தை. “நான் மனைவிக்கு உதவி செய்கின்றேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கின்றேன்” என்று சில தந்தையர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கின்றேன். பிறர் வேலையிலே கைகொடுப்பதற்குத்தான் உதவி என்று பெயர். தன் பிள்ளையைத் தான் பார்ப்பது உதவியன்று, பங்கு. உதவி என்றால் விரும்பினபோது கொடுக்கலாம், விரும்பாதபோது நிறுத்தலாம். பங்கு என்றால் நாளும் நேரமும் உண்டு. கிழமையில் மூன்று நாள், மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை பிள்ளைகள் தகப்பனாருடையவர்கள் என்று வீட்டிலே ஒரு நியமம் ஏற்பட்டுவிட்டால், அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தாய் எழுதிவிடக்கூடியது வியப்பளிக்கும். எதிர்பார்த்துக் கிடைக்கின்ற ஒரு மணி, எதிர்பாராது கிடைக்கின்ற மூன்று மணிக்கு மேலானது.

தகப்பனார் தொலைவிலே கொழும்பில் வேலை செய்கின்ற குடும்பங்கள் இப்பகுதியில் பல. அத்தகைய தாய்மார் இருவர் மூவர் கூடி, சனிக்கிழமை காலையில் ஒருவர் மாறி ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக் காம்பராவின் தத்துவம் இதுதான். ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி தைப்பாள், ஒருத்தி சற்று உறங்குவாள். உறங்குவதும் இழிவன்று. உறக்கமில்லாத தாயால் நல்ல கதையும் எழுத முடியாது. நல்ல சொல்லும் பேச முடியாது.

இம்மலைகளிலே எழுத்துக்கு முன்பே இலக்கியம் இருந்தது. நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அதனை உலகுக்கு உணர்த்தினார். ஊவா மண்ணிலே பிறந்து, தோட்டத்து வாழ்வைச் சிறுகதையாகவும் நாவலாகவும் எழுதி, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களைப் போன்றோருக்கு முன்னே, பெயர் தெரியாத தாய்மார் இருந்தனர். அவர்கள் தாலாட்டுப் பாடினர். தொட்டிலை ஆட்டிய கையை எடுத்துவிட்டு அவர்கள் பாடவில்லை, ஆட்டிக்கொண்டேதான் பாடினர். சீமையிலே விட்டுவந்த உறவையும், கங்காணியின் கடுமையையும், கைக்கெட்டாத கூலியையும் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல உலகுக்குச் சொன்னார்கள். ஆனால் அவை ஏட்டிலே ஏறவில்லை. பாடியவர் பெயரும் நிற்கவில்லை. எழுதிவைக்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் கொடுப்பார் இருக்கவில்லை.

ஆகையால் நேயர்களே, “பிள்ளையா, பேனாவா” என்ற கேள்வியைத் தாயிடம் கேட்பதை நாம் நிறுத்திவிடவேண்டும். “அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பிள்ளையை ஏந்தப்போவது யார்?” என்ற கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். உங்கள் லயத்திலோ, உங்கள் தெருவிலோ, பொழுது விடியுமுன் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிவதைக் கண்டால், அங்கே ஒரு தாய் பரீட்சைக்குப் படிக்கின்றாளோ, கணக்கெழுதுகின்றாளோ, கதை எழுதுகின்றாளோ, எதுவாயினும் ஆகுக. பிள்ளை அழும் சத்தம் கேட்டால் போய்க் கதவைத் தட்டுங்கள். “இப்படிக் கொடு, அம்மா; நான் சற்று வைத்திருக்கின்றேன்” என்று சொல்லுங்கள். அவளுடைய மடல் அந்த மாதம் குறித்த நாளில் வரும். பிள்ளையும் தாகத்தோடு உறங்காது.